திரும்பத் திரும்ப வருகிறவர்கள்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவை இரண்டு. ஒன்று, ஒரு தண்ணீர்ப் பூங்காவின் டிக்கெட் சன்னலில் நடந்த ஐந்து நிமிடப் பேச்சு. இன்னொன்று, பழனி அடிவாரத்தில் என் பெரியப்பா ரோப் காரில் ஏற மறுத்தது. முதலாவது கேளிக்கை வணிகம், இரண்டாவது பக்தி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பூங்காவின் பெயர் இங்கே முக்கியமில்லை. நான் எம்.ஏ. தமிழ் படித்துவிட்டுத் தனியார் பள்ளியில் இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பவன். ஆண்டுக்கொருமுறை ஒன்பதாம் வகுப்பைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு அங்கே போவது எங்கள் பள்ளி வழக்கம். முதல் ஆண்டு போனபோது இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இலவசம், டிரைவருக்குச் சாப்பாடு, துணி மாற்றும் அறைப் பெட்டிக்குக் கட்டணம் இல்லை. வாசலில் வரவேற்றவர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிட்டாய்கூடக் கொடுத்தார். அடுத்த ஆண்டு மிட்டாய் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு பெட்டிக்குக் காசு. பிறகு டிரைவர் வெளியே போய்ச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும். குழுத் தள்ளுபடி செவ்வாய், புதன் மட்டும். ஏழாம் ஆண்டு, சன்னலுக்கு மேலே 'பள்ளிகளுக்குச் சிறப்புச் சலுகை' என்று பெரிய பலகை தொங்கியது. சந்தோஷமாகக் கேட்டேன். உள்ளே இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அது புதுசா வர்ற ஸ்கூலுக்கு சார். நீங்கதான் எப்படியும் வருவீங்களே."

என் பின்னால் நின்ற மாணவி கேட்டாள்: "அப்ப பழசா வர்றவங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களா சார்?"

'எப்படியும் வருவீங்களே' என்ற அந்த வாக்கியத்தைத்தான் நான் வாசிக்க விரும்புகிறேன். இலக்கணக்காரன் கண்ணுக்கு அதில் உள்ள 'எப்படியும்' முக்கியம். என்ன செய்தாலும், எதைக் குறைத்தாலும், எவ்வளவு ஏற்றினாலும் என்பதெல்லாம் அந்த உம்மைக்குள் அடங்கியிருக்கிறது. ஈற்று ஏகாரம் அதைத் தேற்றமாக்குகிறது. ஒருவரின் விசுவாசத்தை அவரிடமே எடுத்துச்சொல்லி, அதையே அவருக்கு ஒன்றும் தராமலிருப்பதற்கான காரணமாக ஆக்குகிற வாக்கியம் இது. கையில் செல்போன் இருக்கிற எவருக்கும் இது தெரிந்த கதைதான். புது சிம் வாங்குகிறவனுக்குச் சலுகை. பத்து வருடமாக அதே எண்ணை வைத்திருப்பவனுக்கு ரீசார்ஜ் விலையேற்றக் குறுஞ்செய்தி.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் ஒரு சிறு நூல் எழுதினார். ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதைச் சார்ந்தவர்களுக்கு இரண்டு வழி: வெளியேறுவது, அல்லது உள்ளே நின்று குரல் கொடுப்பது. விசுவாசம் என்பது வெளியேற்றத்தைத் தள்ளிப்போட்டுக் குரலுக்கு அவகாசம் தருகிறது என்றார். நல்ல வாதம். ஆனால் விசுவாசிக்கும் என்றைக்காவது ஒரு நாள் வெளியேறிவிடக்கூடிய சாத்தியம் இருந்தால்தான் அவன் குரலுக்கு எடை. நிர்வாகம் கணக்குப் போட்டு, 'இவன் போகமாட்டான்' என்று உறுதி செய்துகொண்ட பிறகு, குரல் வெறும் புகார்ப்பெட்டிச் சீட்டு.

இந்தக் கணக்கு மிகத் துல்லியமாகப் போடப்பட்ட இடம் டிஸ்னி. கலிபோர்னியாவில் 1955இல் திறந்த டிஸ்னிலேண்டைப் பற்றி நம் சிறுபத்திரிகைகள் ஒரு காலத்தில் நிறையப் பேசின. போத்ரியார் 1981இல் வெளிவந்த நூலில் சொன்னதை நாமும் மொழிபெயர்த்து, திருப்பிச் சொல்லி, கருத்தரங்குகளில் சண்டை போட்டோம். டிஸ்னிலேண்ட் ஒரு கற்பனை உலகம் என்று காட்டுவதே அதற்கு வெளியே இருக்கிற அமெரிக்கா நிஜம் என்று நம்பவைக்கத்தான்; உண்மையில் முழு அமெரிக்காவும் டிஸ்னிலேண்டே என்ற வாதம். பிம்பம், மிகை யதார்த்தம் என்ற சொற்களை அதிலிருந்துதான் பலர் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான், என் எம்.ஏ. ஆய்வேட்டில் அந்தச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்க்க இப்போது வெட்கமாக இருக்கிறது. இதற்காகத் திரும்ப எடுத்து வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வண்டியை வெளியே நிறுத்துகிறார்கள், உள்ளே வரிசையில் நிற்கிறார்கள், வெளியேறும்போது கைவிடப்படுகிறார்கள் என்று போத்ரியாரே போகிற போக்கில் குறிப்பிடுகிறார். குறிப்பிட்டுவிட்டுப் பிம்பத்துக்குப் போய்விடுகிறார். நாமும் அவர் பின்னால் போய்விட்டோம். வரிசையில் நின்றவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வரிசையின் வரலாறு போத்ரியாருக்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. 1999இல் டிஸ்னி 'ஃபாஸ்ட்பாஸ்' என்றொரு சீட்டைக் கொண்டுவந்தது. விளையாட்டின் வாசலில் சீட்டு எடுத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்குத் திரும்பி வந்தால் நெடுநேரம் நிற்கவேண்டாம். காசு கிடையாது. நுழைவுச்சீட்டு வாங்கிய எல்லோருக்கும் பொது. 2020இல் தொற்றுக்காகப் பூங்காக்கள் மூடியபோது அது நின்றது. 2021இல் திரும்பி வந்தபோது வேறு பெயரில், காசுக்கு வந்தது. இடையில் என்ன நடந்தது? இருபது ஆண்டுகள் அந்த முறையைப் பழகி, எந்த நேரத்தில் எங்கே சீட்டு எடுப்பது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, அதை ஒரு பொது அறிவாக வளர்த்தவர்கள் அடிக்கடி வந்தவர்கள். அவர்கள் வளர்த்ததை நிர்வாகம் எடுத்து அவர்களுக்கே விற்றது.

ஆண்டுச்சீட்டுக் கதை இன்னும் பச்சை. 2021 ஜனவரியில் டிஸ்னிலேண்ட் தன் ஆண்டுச்சீட்டுத் திட்டத்தையே முடித்து, மிச்சப் பணத்தைத் திருப்பிக்கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் புதுப் பெயரில் புதுச் சீட்டு. அதில் மிக உயர்ந்த விலைச் சீட்டுக்கு 'தடைநாள் கிடையாது' என்று விளம்பரம். வாங்கியவர்கள் முன்பதிவு செய்யப் போனால் சில நாட்களில் இடம் இல்லை. அதே நாட்களுக்கு ஒருநாள் டிக்கெட் மட்டும் விற்பனையில் இருந்தது என்று வழக்குப் போட்டார்கள். 2023இல் 95 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இதற்கு நடுவே 2022 ஆகஸ்டில் நிறுவனத்தின் வருமான அறிக்கையில் ஒரு தொடர் வந்தது: 'சாதகமற்ற வருகையாளர் கலவை'. அதாவது, கூட்டம் வருகிறது, ஆனால் வருகிற கூட்டத்தில் ஒருநாள் டிக்கெட்காரன் குறைவு, ஆண்டுச்சீட்டுக்காரன் அதிகம். அடிக்கடி வருகிறவன் குறைவாகச் செலவழிக்கிறான். தொப்பி ஏற்கனவே வைத்திருக்கிறான், படம் எடுத்தாயிற்று, வீட்டிலிருந்து தின்பண்டம் கொண்டுவருகிறான். யார் அந்த இடத்தைத் தன் ஊராக்கிக்கொண்டானோ அவன் கணக்கேட்டில் நட்டப் பத்தியில் ஏறுகிறான். அந்த ரசிகர்கள் இந்தத் தொடரையே பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்களாம். ஹிர்ஷ்மன் சொன்ன குரல் இதுதானா என்று யோசிக்கிறேன். பனியன் போட்டுக்கொண்டு போனாலும், போனார்கள்.

நம் பக்கம் வி.ஜி.பி., கிஷ்கிந்தா, பிளாக் தண்டர், அதிசயம் என்று பூங்காக்கள் வந்து வெகுகாலமாகிறது. (புராணத்தில் குரங்குகளின் ராஜ்யத்துக்கு உள்ள பெயரைப் பூங்காவுக்கு வைத்தவருக்குத் தன் வாடிக்கையாளரைப் பற்றி ஒரு நகைச்சுவை இருந்திருக்க வேண்டும்.) 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லா திறந்தது. உள்ளாட்சிக் கேளிக்கை வரியிலிருந்து விலக்குக் கேட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து வந்த பூங்கா அது. அதன் மற்ற ஊர்ப் பூங்காக்களைப் போலவே இங்கேயும் கூடுதல் காசுக்கு விரைவு வரிசை என்ற ஏற்பாடு உண்டு. இதில் சட்டத்துக்குப் புறம்பாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். முதலாளிக்கு அரசு தருவதும் சலுகை. பிள்ளைகளுக்கு முதலாளி தருவதும் சலுகை. முன்னது அரசாணையாக வருகிறது, எழுதி வாங்கப்படுகிறது, குறைந்தால் வழக்குப் போடலாம். பின்னது மிட்டாய்.

இனி மலைக்கு வருகிறேன்.

தொப்பம்பட்டியில் வளர்ந்தவர்களுக்குப் பாதயாத்திரை என்பது செய்தித்தாள் படம் அல்ல. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தண்ணீர் மொண்டு தீர்த்தக் காவடி கட்டித் தாராபுரம் வழியாக வருகிற கொங்குச் சனம் எங்கள் பக்கத்தைத் தாண்டித்தான் போகும். வெயில் கொளுத்துகிற மாதம். சின்ன வயதில் நாங்கள் தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றியிருக்கிறோம். அந்தக் கூட்டத்தோடு என் பெரியப்பா முப்பத்தோரு வருடம் நடந்தார். முருங்கைக்காட்டில் கூலிக்குப் போகிறவர். அவருக்கு ஆண்டில் அது ஒன்றுதான் சுற்றுலா, அது ஒன்றுதான் விடுமுறை, அது ஒன்றுதான் வேலை என்றும் சொல்லலாம். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் காவடி வருகிறது. எடப்பாடியிலிருந்து பர்வதராஜகுலத்தார் வருகிறார்கள். வந்து, டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தாங்களே பிசைந்து, ஓர் இரவு மலைமேலேயே தங்குகிறார்கள். வேறு யாருக்கும் அந்த இரவு கிடையாது.

இந்த எடப்பாடிக்காரர்களைப் பற்றி நம் கோட்பாட்டாளர்கள் யாராவது எழுதியிருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வந்ததே அவர்களுக்கு உரிமையாக ஆகியிருக்கிறது. அந்த இரவை யாரும் அவர்களுக்கு அறிவிப்பதில்லை. பலகையில் எழுதி மாட்டுவதில்லை. ஈ.பி. தாம்சன் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ரொட்டிக் கலகங்களை எழுதும்போது 'அறப் பொருளாதாரம்' என்றார். கலகக்காரர்கள் பசியால் மட்டும் எழவில்லை, வழக்கம் மீறப்பட்டது என்ற அறவுணர்வால் எழுந்தார்கள் என்பது அவர் வாதம். எடப்பாடிக்காரரின் இரவை ஒரு நிர்வாகம் எடுத்துப் பார்க்கட்டும், தாம்சன் சொன்னது இங்கே என்ன தமிழில் பேசும் என்று தெரிந்துவிடும்.

வழக்கத்தை இப்படிக் கொண்டாடிவிட்டு நான் தப்பித்துப் போக முடியாது. வழக்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் யார் இருந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதுரைக் கோயில் 1939இல்தான் திறந்தது. மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்கு முன்பு எங்கள் பக்கத்துக் கூலிச்சனத்தில் எத்தனையோ பேர் எத்தனை முறை திரும்பத் திரும்ப நடந்து வந்தாலும் அவர்களின் நடை உரிமையாகக் கனியவில்லை. தேர்வடத்தில் கை வைப்பது யார் என்ற கேள்வியில் 1998இல் கண்டதேவி வெடித்தது. பல ஆண்டுகள் அந்தத் தேர் ஓடாமலே நின்றது. ஆகவே பழைய வரிசை சாதியின் வரிசை. அதைச் சட்டம் உடைத்தது. உடைத்து, எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கலாம் என்று ஆன சில பத்தாண்டுகளில், அந்த ஒரே வரிசை பொது வரிசை, கட்டண வரிசை என்று இரண்டாகப் பிரிந்தது தமிழ்நாட்டுப் பெருங்கோயில்களில் எல்லாம் நாம் பார்த்ததுதான். யாரும் எதிர்த்துப் பெரிதாகப் பேசவில்லை. சாதி கேட்டால் கோபம் வருகிற நமக்குக் காசு கேட்டால் வரவில்லை.

ஆனால் டிஸ்னியின் வரைபடத்தை அப்படியே மலைமேல் விரித்தால் தவறாகிவிடும். பழனியில் எளியவர்களுக்கான ஏற்பாடுகள் தேய்ந்துகொண்டே போகின்றன என்று எழுதினால் அது பொய். 1966இல் இழுவை ரயில் வந்தது, 2004இல் ரோப் கார் வந்தது. படியேற முடியாத கிழடு கட்டைகளுக்கு அவை பெரிய உபகாரம். 2012இல் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கியது. 2021இல் அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது என்றார்கள். திண்டுக்கல்லிலிருந்து வருகிற சாலையோரம் நடப்பவர்களுக்கென்று தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். நடக்கிற லட்சக்கணக்கானவர்களும் வாக்காளர்கள் என்பது ஒரு காரணம். டிஸ்னிக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. கூடுகிறதா குறைகிறதா என்பதைவிட, எந்தப் பெயரில் வருகிறது என்பது. இவை எல்லாமே அறிவிப்பாக வருகின்றன. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது, பேனரில், படத்தோடு. சோறு போடுவது ஒரு கோயிலின் இயல்பான வேலை. அது 'திட்டம்' ஆகும்போது வாங்குகிறவன் பயனாளி ஆகிறான். 'உரிமை' என்ற சொல்லின் இடத்தில் 'சலுகை' வந்து உட்கார்ந்தபிறகு அது கூடலாம், குறையலாம், அடுத்த ஆட்சியில் பெயர் மாறலாம். மிட்டாய் கொடுக்கிற கைக்கு மிட்டாயை நிறுத்தவும் தெரியும். எடப்பாடிக்காரருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கும் இடையில் உள்ள வேறுபாடு இதுதான். இருவரும் திரும்பத் திரும்ப வந்தவர்கள். ஒருவர் தன் ஊரோடு, தன் குலத்தோடு வந்தார். அவர் வருகைக்கு ஒரு பெயரும் ஓர் இரவும் உண்டு. இன்னொருவர் கூட்டத்தோடு வந்தார். கூட்டத்துக்கு எண்ணிக்கை மட்டும்தான்.

அவர் ரோப் கார் ஏற மறுத்த கதையைச் சொல்கிறேன். போன பங்குனியில் அவருக்கு முட்டி இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வண்டியில் உட்காரவைத்து அடிவாரம் கூட்டிப்போனேன்.

"பெரியப்பா, ரோப் கார்ல போயிரலாங்க. மேல கட்டண வரிசைக்கும் சீட்டு எடுத்துக்கலாம். அரை மணி நேரத்துல சாமி பாத்துட்டு எறங்கிரலாம்."

"அட போ சாமி. நானென்ன சுத்திப் பாக்க வந்தவனா?"

வீம்பு என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்லப்போனால் வீம்புதான். நான் எத்தனையோ கோயில்களில் கட்டண வரிசையில் போனவன். விடுப்பு இல்லை, நேரம் இல்லை என்ற நியாயங்களோடு. அவருக்கு அரை மணி நேரத்தில் முடிகிற சாமி தேவைப்படவில்லை. 'சுத்திப் பாக்க வந்தவன்' என்று அவர் சொன்னது, ஒருமுறை வந்து, காசைக் கொடுத்து, காட்டுவதைப் பார்த்துவிட்டுப் போகிறவனை. டிஸ்னியின் கணக்கில் அவன்தான் சாதகமான வருகையாளன்.

அவர் மலையேறவில்லை. திருஆவினன்குடியில் கும்பிட்டுவிட்டு, கிரிவீதியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு தேர் பார்க்க நின்றார். பங்குனி உத்திரத் தேர் மலைமேல் ஓடுவதில்லை, கிரிவீதியில்தான் ஓடுகிறது. தைப்பூசத் தேர் ஊருக்குள், பெரியநாயகி அம்மன் கோயில் ரதவீதியில். பெரிய நாட்கள் இரண்டிலும் சாமி இறங்கி வந்துவிடுகிறது. கருவறைத் தரிசனத்துக்கு வரிசை தேவைப்படுகிறது. வரிசை வந்தால் அதை இரண்டாக்கி ஒன்றுக்கு விலை வைக்கலாம். தேருக்கு வரிசை போட முடியாது. நகர வேண்டுமென்றால் கூட்டம் இழுக்க வேண்டும். கண்டதேவிக்குப் பிறகும் இதைச் சொல்கிறேன். அங்கே சண்டை வந்ததே வடத்தைத் தொடுவது பார்ப்பதிலிருந்து வேறான காரியம் என்பதால்தான். பெரியப்பா வடத்தில் கை வைத்து நாலு தப்படி போயிருப்பார். அப்புறம் ஓரமாக உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் எழுதுகிறபோது இந்தப் பக்கங்களுக்கே திரும்பி வராமல் இருக்க முடியவில்லை. சிறுபத்திரிகைக்காரர்கள் நாம் ஆயுள் சந்தா வாங்கியவர்கள். ஆயுள் என்றால் வாசகரின் ஆயுளா பத்திரிகையின் ஆயுளா என்ற பழைய கேலி எல்லோருக்கும் தெரியும். மூன்று இதழோடு நின்றுபோன பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டி, அதே ஆசிரியர் புதுப் பெயரில் தொடங்கியபோது மறுபடியும் கட்டிய தையல்காரர்களையும் மில் தொழிலாளர்களையும் எனக்குத் தெரியும். சிறப்பு விருந்தினராக நாம் அழைப்பதோ நேற்று வந்த பேராசிரியரை. அவர்கள் எப்படியும் வருவார்கள். கட்சிகளில், இயக்கங்களில் இருக்கிற நண்பர்கள் இதற்கு மேல் என்னிடம் கேட்க வேண்டியதில்லை. நாற்பது வருடம் சுவரொட்டி ஒட்டியவருக்கு மேடைக்குக் கீழே நாற்காலி. போன மாதம் எதிர் முகாமிலிருந்து வந்தவருக்குத் தொகுதி. கேட்டால், "அவர் நம்மாளுப்பா, கோவிச்சுக்கமாட்டார்" என்பார்கள். பூங்காச் சன்னல் இளைஞர் இதைவிட நாகரிகமாகச் சொன்னார்.

அந்தப் பூங்காக் கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. இந்த ஆண்டும் சுற்றுலா வந்தது. சலுகை கிடைக்காத விஷயத்தை நான் சொன்னதும் எங்கள் தாளாளர் கொஞ்சமும் தயங்காமல் ஒரு வழி கண்டுபிடித்தார். இதே நிர்வாகத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு நர்சரிப் பள்ளி உண்டு. அந்தப் பெயரில் கடிதம் கொடுத்தால் நாம் புது ஸ்கூல். கொடுத்தோம். பலகையில் போட்டிருந்த தள்ளுபடி அப்படியே கிடைத்தது. டிரைவருக்குச் சாப்பாடு, பெட்டி இலவசம், பிள்ளைகளுக்கு மிட்டாய். ஒன்பதாம் வகுப்பு மீசை முளைத்த பையன்கள் நர்சரிப் பள்ளிப் பட்டியலில் பேர் சொல்லி உள்ளே போனார்கள். கடைசியாக நான் போனேன். வாசலில் பழைய காவலாளிதான் நின்றிருந்தார். பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"வாங்க சார், இந்த வருசமும் வந்துட்டீங்களா?"